பிள்ளையைப் படிக்கும் படிப்பு

1896-ஆம் வருஷம் மார்ச் மாதம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துப் பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி, பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பென்ஸில்வேனியா சர்வகலாசாலைக்கு அழைத்து வந்தாள். மற்றப் பாடங்களில் பையன் மோசமில்லை. எழுத்துக் கூட்டி எழுதச் சொன்னால் மட்டும் தடுமாறிப் போவான். எத்தனை சொல்லிக்கொடுத்தும் பயனில்லை. அந்தச் சர்வகலாசாலையில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்தவர் லைட்னர் விட்மர். ஆசிரியை அவரிடம் பாடம் கேட்டவள். "மனத்தைப் பற்றிய சாஸ்திரம் என்கிறீர்களே, அது இந்தப் பையனுக்கு உதவ வேண்டாமா?" என்பது அவளுடைய நியாயம்.

விட்மர் பையனைப் பரீட்சித்துப் பார்த்தார். முதலில் அகப்பட்ட குறை அவன் மூளையில் இல்லை, கண்ணில் இருந்தது! மூக்குக் கண்ணாடி போட ஏற்பாடு செய்தார். பிறகு சொற்களைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்ளத் தனியாகப் பயிற்சி கொடுக்கச் செய்தார். பையன் தேறினான். உலகத்தின் முதல் மனோதத்துவ சிகிச்சை நிலையம் என்று சரித்திரத்தில் எழுதப்பட்டிருக்கும் இடம், இப்படி ஒரு ஜோடி மூக்குக் கண்ணாடியோடு ஆரம்பமாயிற்று.

இன்று அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் இந்த வேலைக்கென்றே ஓர் உத்தியோகஸ்தர் உண்டு. பள்ளி மனோதத்துவ நிபுணர் என்று பெயர். 1915-ல் கனெக்டிகட் மாகாணம் ஆர்னால்ட் கெஸல் என்ற டாக்டரை இந்தப் பட்டத்தோடு நியமித்தது. அதிகாரபூர்வமாக அந்தப் பெயரைப் பெற்ற முதல் மனிதர் அவர்தான்.

'எங்கோ அமெரிக்காவில் இருக்கும் உத்தியோகத்தைப் பற்றி எனக்கு என்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம்மில் எத்தனை பேருடைய பேரன் பேத்திகள் இன்று நியூஜெர்ஸியிலும் கலிபோர்னியாவிலும் பள்ளிக்கூடம் போகிறார்கள்! அந்தக் குழந்தைகளில் ஒன்று பாடத்தில் பின்தங்கினால், அதைப் பற்றி ஓர் அறிக்கை எழுதப் போகிறவர் இவர். அந்த அறிக்கை குழந்தையை எந்த வகுப்பில் உட்கார வைக்கும், எந்த உதவி கிடைக்கச் செய்யும் என்பது பெரிய விஷயம். ஆகவே அவர் எப்படித் தயாராகிறார் என்று பார்ப்போம். நீங்களே அந்தப் படிப்பில் சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்!

வாசற்படி

முதலில் நான்கு வருஷம் படித்து பி.ஏ. அல்லது பி.எஸ்ஸி. பட்டம் வாங்கியிருக்க வேண்டும். மனோதத்துவமோ கல்வியோ படித்தவர்கள்தான் பெரும்பாலும் வருகிறார்கள். அதற்கு மேல் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று 'ஸ்பெஷலிஸ்ட்' பட்டம்: மூன்று வருஷம், குறைந்தது 60 ஸெமஸ்டர் மணிப் படிப்பு. வாரத்துக்கு ஒரு மணி வீதம் ஒரு பருவம் முழுவதும் கேட்கும் பாடத்துக்கு ஒரு ஸெமஸ்டர் மணி என்று கணக்கு. மற்றொன்று டாக்டர் பட்டம்: ஐந்து, ஆறு வருஷம் பிடிக்கும். பள்ளிகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் முதல் பாதையில் வந்தவர்களே.

இந்த இரண்டு படிகளை வகுத்தது 1954-ல் நியூயார்க் மாகாணத்தில் வெஸ்ட் பாயின்ட் என்ற இடத்தில் கூடிய மாநாடு. தாயர் என்ற ஹோட்டலில் கூடியதால் தாயர் மாநாடு என்றே பெயர் நிலைத்துவிட்டது. டாக்டர் பட்டம் இல்லாதவர் 'மனோதத்துவ நிபுணர்' என்று பெயர் போட்டுக்கொள்ளலாமா என்ற சச்சரவு அதற்குப் பிறகும் ஓயவில்லை. படித்தவர்கள் கூடினால் இது ஒன்றும் அதிசயமில்லையே! 1969-ல் பள்ளி மனோதத்துவ நிபுணர்கள் தங்களுக்கென்று ஒரு தேசிய சங்கம் அமைத்துக்கொண்டார்கள். பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று அளவுகோல் வகுத்துக் கொடுப்பது இன்று அந்தச் சங்கம்தான்.

கடிகாரமும் கட்டைகளும்

முதல் வருஷத்தில் உங்கள் கையில் ஒரு பெட்டியைக் கொடுப்பார்கள். உள்ளே சிவப்பும் வெள்ளையுமாகச் சிறு கட்டைகள், படப் புத்தகங்கள், தாள்கள். கூடவே ஒரு ஸ்டாப்-வாட்ச். டேவிட் வெக்ஸ்லர் என்பவர் 1949-ல் குழந்தைகளுக்கென்று வெளியிட்ட புத்திப் பரீட்சையின் வாரிசு இது. ஆறு வயது முதல் பதினாறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு உரியது. பரீட்சையில் என்னென்ன கேள்விகள் என்று வெளியே சொல்லக் கூடாது என்பது இந்தத் தொழிலின் தர்மம். ஆகையால் நானும் சொல்லப் போவதில்லை!

கட்டையை வைத்துக் குழந்தையோடு விளையாடுவது என்ன பிரமாதம் என்று நினைப்பீர்கள். உட்கார்ந்து பார்த்தால் தெரியும். கேள்விகளை அச்சிட்டிருக்கிறபடியே வார்த்தை பிசகாமல் சொல்ல வேண்டும். குழந்தை சரியாகப் பதில் சொன்னால் 'பேஷ்!' என்று வாய் துடிக்கும்; சொல்லக் கூடாது. தவறாகச் சொன்னால் முகம் சுளிக்கக் கூடாது. குழந்தை பாடுபட்டு முயலுவதைப் பாராட்டலாம். விடை சரியா தப்பா என்பது உங்கள் குரலிலிருந்து தெரிந்துவிடக் கூடாது. ஒரு கையில் கடிகாரம், ஒரு கையில் பென்ஸில், ஒரு கண் கட்டையின் மேல், ஒரு கண் குழந்தையின் மேல். போதாக்குறைக்கு, ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னாலோ வீடியோவிலோ உங்கள் பேராசிரியர் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

புதிதாகப் பழகுகிறவர்கள் எங்கே வழுக்கி விழுகிறார்கள் தெரியுமா? பல சமயம் குழந்தையின் வயதைக் கணக்கிடும் இடத்தில்தான். பரீட்சை நாள் மார்ச் 4. குழந்தை பிறந்தது செப்டம்பர் 19. நாலிலிருந்து பத்தொன்பது போகாது. மாதத்திலிருந்து கடன் வாங்க வேண்டும். கடன் போக மிஞ்சிய இரண்டிலிருந்து ஒன்பது போகாது. வருஷத்திலிருந்து கடன் வாங்க வேண்டும். இதில் ஒரு மாதம் தவறினால், பக்கத்து வயதுக்காரர்களின் அட்டவணைக்குப் போய்விடலாம். ஏனெனில் நான்கு மாதத்துக்கு ஓர் அட்டவணை. எல்லாம் சரியாகச் செய்தும் கழித்தலில் கோட்டைவிட்டால் குழந்தையின் எண் மாறிப் போகும்.

அந்த எண்ணைப் பற்றியும் உங்களுக்கு முதலிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். 100 என்பது சராசரி. மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் 85-க்கும் 115-க்கும் நடுவில் இருப்பார்கள். ஆனால் எந்த எண்ணும் ஒரு புள்ளி அல்ல. 92 வந்தால், 'ஏறக்குறைய 87-க்கும் 98-க்கும் இடையில் இருக்கலாம்' என்றுதான் எழுத வேண்டும். குழந்தைக்கு அன்று ஜலதோஷமாக இருக்கலாம். இரவு தூக்கம் இல்லாமல் இருக்கலாம். உங்களைக் கண்டாலே பயமாக இருக்கலாம்.

1905-ல் பாரிஸ் நகரத்தில் ஆல்பிரட் பினே என்பவர் தம் சகா சிமோனோடு சேர்ந்து முதன்முதலில் இப்படிப்பட்ட பரீட்சையைச் செய்தபோது, எந்தக் குழந்தைகளுக்கு விசேஷ உதவி தேவை என்று கண்டுபிடிப்பதற்காகத்தான் செய்தார். புத்தி என்பது பிறவியிலேயே முடிந்துபோன அளவு என்ற எண்ணத்தை அவர் எதிர்த்தார். அவர் 1911-ல் காலமானார். பிறகு அமெரிக்காவில் பலர் அவருடைய கருவியை வாங்கிக்கொண்டார்கள். அவருடைய எச்சரிக்கையை மறந்துவிட்டார்கள்.

எண்ணும் கோர்ட்டும்

மறந்ததன் பலன் என்ன ஆயிற்று என்பதை 'சட்டமும் தர்மமும்' என்ற பாடத்தில் படிப்பீர்கள். இந்தப் படிப்பின் நடு நாயகம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கலிபோர்னியாவில் மெக்ஸிகோ வம்சத்துக் குழந்தைகள் சிலர் இருந்தார்கள். வீட்டில் பேசுவது ஸ்பானிஷ் பாஷை. பள்ளியில் அவர்களுக்குப் புத்திப் பரீட்சை வைத்தது இங்கிலீஷில். எண் குறைவாக வந்தது. 'மந்த புத்தி' வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். 1970-ல் இது கோர்ட்டுக்கு வந்தது. ஸ்பானிஷ் தெரிந்தவரைக் கொண்டு மறுபடி பரீட்சித்தபோது, பெரும்பாலோருடைய எண் உயர்ந்தது. அந்த வகுப்பில் அவர்களுக்கு இடமே இல்லை என்று தெரிந்தது! குழந்தைகளைச் சொந்த பாஷையில் பரீட்சிக்க வேண்டும் என்று மாகாணம் ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டது. 'டயானா' வழக்கு என்று இதற்குப் பெயர்.

அடுத்த வருஷமே இன்னொரு வழக்கு. இது ஸான் பிரான்ஸிஸ்கோவில், நீக்ரோ என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பினக் குழந்தைகளின் சார்பில் தொடுத்தது. மாகாணத்துப் பள்ளிப் பிள்ளைகளில் அவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆனால் மந்த புத்தி வகுப்புகளில் அவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு! நீதிபதி ராபர்ட் பெக்காம் 1979-ல் தீர்ப்புச் சொன்னார்: இந்த வகுப்புகளில் கறுப்பினக் குழந்தைகளைச் சேர்ப்பதற்குப் புத்திப் பரீட்சை எண்ணை உபயோகிக்கக் கூடாது. இந்த 'லாரி பி.' வழக்கைப் படிக்காமல் எந்த மாணவரும் இந்தப் பட்டம் வாங்க முடியாது.

இடையில் 1975-ல் ஒரு பெரிய சட்டம் வந்தது. அங்கஹீனமோ புத்திக் குறையோ உள்ள குழந்தைகள் நாட்டில் 80 லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள் என்றும், அவர்களில் 10 லட்சம் பேர் பொதுப் பள்ளி வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்றும் அந்தச் சட்டமே எழுதிற்று. ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசமாகத் தகுந்த கல்வி கொடுக்க வேண்டும். எந்த ஒரே பரீட்சையையும் வைத்து முடிவு கட்டக் கூடாது. தாய் தகப்பனாருடைய சம்மதம் வேண்டும் என்று விதித்தது. அதோடு பள்ளி மனோதத்துவ நிபுணருக்கு வேலையும் பெருகிற்று, பொறுப்பும் பெருகிற்று.

பின் பெஞ்சு

இரண்டாம் வருஷம் உங்களைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவிடுவார்கள். 'இந்தப் பையன் ஓயாமல் சேஷ்டை செய்கிறான்' என்று உபாத்தியாயினி புகார் சொல்லியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பின் பெஞ்சில் போய் உட்காருகிறீர்கள். பதினைந்து விநாடிக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, பையன் அந்தக் கணத்தில் பாடத்தைக் கவனிக்கிறானா இல்லையா என்று ஒரு குறி போட வேண்டும். அதோடு விட்டால் போதாது. அதே வகுப்பில் இருக்கும் இன்னொரு சாதாரணப் பையனுக்கும் அதே மாதிரி குறி போட வேண்டும். இருபது நிமிஷம் கழித்துக் கூட்டிப் பார்த்தால் சில சமயம் வேடிக்கை வெளியாகும். சேஷ்டைப் பையன் பாதி நேரம் கவனிக்கவில்லை. சமர்த்துப் பையனும் ஏறக்குறைய அவ்வளவுதான்! அப்போது மருந்து யாருக்குத் தேவை? பையனுக்கா, பாடத்துக்கா?

சேஷ்டை நிஜமாகவே இருந்தால், அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். உரக்கப் படிக்கச் சொல்லும்போதெல்லாம் பையன் பென்ஸிலை எறிகிறான். எறிந்தவுடன் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அவனுக்கு அது தண்டனையா? படிக்கிற அவமானத்திலிருந்து கிடைத்த விடுதலை அல்லவா? ஆக, கவனிக்க வேண்டியது பென்ஸில் எறிவதை அல்ல, படிக்க வராததை.

படிப்பை அளக்கவும் எளிய வழி ஒன்று கற்றுக்கொடுப்பார்கள். மின்னஸோட்டா சர்வகலாசாலையில் ஸ்டான்லி டீனோ என்பவரும் அவருடைய சகாக்களும் வகுத்தது இது. குழந்தையின் கையில் ஒரு பக்கத்தைக் கொடுத்து ஒரு நிமிஷம் வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். சரியாகப் படித்த சொற்களை எண்ணிக் கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அடுத்த வாரம் இன்னொரு புள்ளி. புதிதாகச் சொல்லிக்கொடுக்கும் முறை பலிக்கிறதா என்பதைப் புள்ளிகளைச் சேர்க்கும் கோடு சொல்லிவிடும். கோடு ஏறவில்லையென்றால் முறையை மாற்ற வேண்டியதுதான்.

இதில் ஒரு பெரிய நியாயமும் அடங்கியிருக்கிறது. வெகு காலம்வரை, புத்தி எண்ணுக்கும் படிப்பு எண்ணுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருந்தால்தான் 'கற்பதில் குறைபாடு' என்று உதவி கிடைக்கும். ஆறு வயதுக் குழந்தைக்குப் பள்ளம் விழப் போதிய காலம் ஆகியிருக்காது. இன்னும் இரண்டு வருஷம் தோற்றுவிட்டு வா என்று சொல்வது போல் இருந்தது. 2004-ல் சட்டத்தைத் திருத்தி, இந்தப் பள்ளத்தைக் கட்டாயமாக எதிர்பார்க்க வேண்டாம் என்றார்கள். சொல்லிக்கொடுத்துப் பார்த்து, குழந்தை எப்படித் தேறுகிறது என்பதைக் கவனித்து முடிவு செய்யவும் வழி பிறந்தது.

கேட்க வேண்டிய கேள்வி

பரீட்சையைவிடக் கடினமான பாடம் பேச்சு. முப்பது வருஷம் அநுபவம் உள்ள உபாத்தியாயினியிடம் இருபத்துநாலு வயதில் போய், 'நீங்கள் இப்படிச் செய்து பாருங்களேன்' என்று சொல்ல வேண்டும். உத்தரவு போட உங்களுக்கு அதிகாரம் இல்லை. கேள்வி கேட்டுக் கேட்டு அவளே வழி காணும்படி செய்ய வேண்டும். இதற்கென்று தனி வகுப்பே உண்டு.

இன்னொரு பாடம் மனத்தைக் கலக்கக் கூடியது. ஒரு பெண் சோர்ந்து, யாரோடும் பேசாமல் இருக்கிறாள். 'உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்று நினைத்ததுண்டா?' என்று அவளை நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகாதா என்று புதியவர்கள் நடுங்குவார்கள். ஆகாது என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. கேட்டால் மனப் பாரம் குறைவதே அதிகம். ஒருவருக்கொருவர் எதிரில் உட்கார்ந்து, நாக்குக் கூசாமல் கேட்கும் வரையில் பழகுகிறார்கள். பிள்ளைகளிடம் ஆரம்பத்திலேயே ஓர் ஒப்பந்தமும் சொல்லிவிட வேண்டும்: 'நீ சொல்வதை நான் வெளியில் சொல்ல மாட்டேன். ஆனால் உனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால், உன்னை யாராவது துன்புறுத்தினால், சொல்லியே தீருவேன்.'

1,200 மணி

மூன்றாம் வருஷம் முழுவதும் பள்ளியில் வேலைப் பயிற்சி. குறைந்தது 1,200 மணி. அதில் பாதியாவது பள்ளிக்கூடத்திலேயே கழிய வேண்டும். அநுபவசாலியான ஒரு நிபுணர் வாரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் உங்களோடு உட்கார்ந்து நீங்கள் செய்ததை எல்லாம் கிளறுவார். சில இடங்களில் சம்பளம் உண்டு. சில இடங்களில் இல்லை. கடன் வாங்கிப் படிப்பவர்களுக்கு இந்த வருஷம் திண்டாட்டம்தான்.

உண்மையான பரீட்சை கூட்ட அறையில் நடக்கிறது. மேஜையைச் சுற்றி ஆசிரியர், விசேஷக் கல்வி ஆசிரியர், பள்ளி அதிகாரி, எல்லோருக்கும் நடுவில் குழந்தையின் தாயார். நீங்கள் பதினைந்து பக்க அறிக்கை எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அந்த அம்மாள் அதில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: 'என் பிள்ளைக்கு என்ன? நாளைக்கு அவனுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?' இந்த இரண்டுக்கும் சாதாரண வார்த்தைகளில் பதில் சொல்லத் தெரியாவிட்டால் அறிக்கை வெறும் காகிதம் என்று சொல்லிச் சொல்லித் திருத்துகிறார்கள். பிறகு பிராக்ஸிஸ் என்ற தேசியப் பரீட்சை, மாகாணத்தின் லைஸென்ஸ். தேசிய அத்தாட்சிப் பத்திரமும் வாங்கிக்கொண்டால், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 75 மணி நேரம் மேற்கொண்டு படித்ததாகக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு ஆளைத் தயார் செய்தும் ஆள் போதவில்லை. 500 மாணவருக்கு ஒரு நிபுணர் வேண்டும் என்பது சங்கத்தின் கணக்கு. சமீப வருஷங்களில் தேச சராசரி, ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவருக்கு ஒருவர் என்று இருந்து வந்திருக்கிறது. 2022-ல் டெக்ஸஸில் யுவால்டி என்ற ஊர்ப் பள்ளியில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்த பிறகு, இவர்களைப் பயிற்றுவிக்க மத்திய சர்க்கார் பெருந்தொகை ஒதுக்கிற்று. 2025 ஏப்ரலில் அந்த உதவிகளில் சுமார் 100 கோடி டாலரை நிறுத்தப் போவதாக அதே சர்க்கார் அறிவித்தது. பல மாகாணங்கள் கோர்ட்டுக்குப் போயின. ஆள் குறைந்தால் என்ன ஆகும்? பின் பெஞ்சில் உட்காரவும், ஆசிரியரோடு பேசவும் அவகாசம் இராது. கட்டைப் பெட்டியும் எண்ணும்தான் மிஞ்சும்.

உங்கள் பேரன் படிக்கும் பள்ளியில்

கடைசியாக, அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மகனுக்கோ மகளுக்கோ டெலிபோனில் சொல்லக்கூடிய சில விஷயங்கள்:

குழந்தையைப் பரீட்சிக்க வேண்டும் என்று பெற்றோரே எழுத்து மூலம் கேட்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. பெற்றோர் கையெழுத்துப் போட்டுச் சம்மதிக்காமல் பள்ளி முதல் பரீட்சையை ஆரம்பிக்க முடியாது. சம்மதம் கொடுத்த 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது மத்திய சட்டம். மாகாணம் வேறு கெடு வைத்திருந்தால் அந்தக் கெடு. அறிக்கையின் பிரதி ஒன்றைப் பெற்றோருக்குக் கொடுக்க வேண்டும். முடிவு திருப்தி இல்லையென்றால், வெளி நிபுணர் ஒருவரைக் கொண்டு பள்ளியின் செலவிலேயே மறுபடி பரீட்சிக்கும்படி கேட்கலாம். பள்ளி மறுத்தால் விசாரணை நடத்தித் தன் பக்கம் நியாயம் என்று நிரூபிக்க வேண்டும். கூட்டத்தில் இங்கிலீஷ் புரியாவிட்டால் மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் ஏற்பாடு செய்வதும் பள்ளியின் பொறுப்பு.

இன்னும் ஒன்று. பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள். தமிழ் என்று எழுதினால் குழந்தையைத் தாழ்வாக நினைத்துவிடுவார்களோ என்று பயந்து இங்கிலீஷ் என்று எழுதிவிடத் தோன்றும். வேண்டாம். பாட்டியோடு தமிழில் கதை பேசிவிட்டுப் பள்ளியில் இங்கிலீஷில் தடுமாறும் குழந்தைக்கும், எந்தப் பாஷையிலுமே தடுமாறும் குழந்தைக்கும் வித்தியாசம் காண வேண்டியது அந்த நிபுணரின் வேலை. அதற்கு அவருக்கு முதலில் தெரிய வேண்டியது இந்த ஒரு விவரம். ஆகவே 'தமிழ்' என்றே எழுதச் சொல்லுங்கள்.